ரெப்போ இல்லை என்கிறது, ஆனால் ரெப்போ அங்கேதான் இருக்கிறது

ஒரு வொர்க்ஸ்பேஸை, அதாவது கோட் எழுதி ஓட்டும் இடத்தை, சோர்ஸ் கன்ட்ரோலோடு, அதாவது கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் போன்ற அமைப்போடு, இணைக்கும் திரை எல்லாக் கருவிகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ரெப்போவின் (கோட் சேமித்திருக்கும் இடத்தின்) முகவரி, பிராஞ்ச் (அந்தக் கோடின் ஒரு கிளை), ஒரு டோக்கன் (பாஸ்வேர்டு போன்ற ரகசியச் சரம்), கீழே கனெக்ட் பட்டன். அழுத்தினால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு மேலே சிவப்பாக ஒரு வரி வரும்: 'ரெப்பாசிட்டரி நாட் ஃபவுண்ட்'. பக்கத்து டேபில் அதே ரெப்போ திறந்தே இருக்கிறது, நேற்றுப் போட்ட கமிட் (பதிந்த மாற்றம்) கண்ணெதிரே தெரிகிறது. முகவரியை மறுபடி காப்பி செய்து ஒட்டுகிறோம், கடைசியில் இருக்கும் டாட் கிட்டை எடுத்துப் பார்க்கிறோம், திரும்பச் சேர்த்துப் பார்க்கிறோம். அதே சிவப்பு வரி.

இந்த இடத்தில் எல்லோரும் ரெப்போவைத் தேடத்தான் போவார்கள், ஏனென்றால் மெசேஜ் அதைத்தான் சொல்கிறது. ஆனால் இந்த வகை எரர்களைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன், இவற்றில் பெரும்பகுதிக்கும் ரெப்போ எங்கே இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமே இருப்பதில்லை. கேட்டது யார் என்பதுதான் விஷயம். எந்தக் கணக்கின் பெயரில், எந்த டோக்கனோடு, எந்தச் சாவியோடு அந்தக் கோரிக்கை சர்வர் முன்னால் போய் நின்றது? இந்த ஒரு தகவல் மெசேஜில் இருந்தால் பாதி வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும். அது மட்டும்தான் எப்போதும் இருக்காது.

முதலில் அந்த 'நாட் ஃபவுண்ட்'டைப் பார்ப்போம், சர்வர் அதை 404 என்ற எண்ணால் சொல்கிறது. ரெப்போக்களை வைத்திருக்கும் தளமான கிட்ஹப்பில் ஒரு பிரைவேட் ரெப்போவை அனுமதி இல்லாத ஒருவர் கேட்டால், 'உனக்கு அனுமதி இல்லை' என்று பொருள்படும் 403 வராது, 404 வரும். இது தெரிந்தே செய்தது, அவர்களுடைய ஏபிஐ (புரோகிராம்கள் சர்வரோடு பேசும் வழி) ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. அனுமதி இல்லை என்று சொன்னால், அந்தப் பெயரில் ஒரு ரெப்போ இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இன்னும் அறிவிக்காத ஒரு தயாரிப்பின் பெயரை ஊகித்து முகவரியில் போட்டுப் பார்க்கிறவருக்கு 403 என்பதே போதுமான துப்பு. இணையத்தில் சர்வரோடு பேசும் முறையான ஹெச்டிடிபியின் தரநிலையும் இதற்கு இடம் கொடுக்கிறது. 1999-இல் வந்த அதன் ஆவணமான ஆர்எஃப்சி 2616-இலேயே, காரணத்தை வெளியே சொல்ல விரும்பாத சர்வர் 403-க்குப் பதில் 404 தரலாம் என்று இருக்கிறது, 2022 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 9110-லும் அதே கருத்து தொடர்கிறது.

இந்த மறைப்பில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. யாரென்று தெரியாதவரிடம் சர்வர் அப்படித்தான் பேச வேண்டும். கோளாறு அதற்கு இந்தப் பக்கத்தில் இருக்கிறது. அந்த 404-ஐ வாங்கிக்கொண்ட கருவியை எழுதியவர்களுக்கு இந்த எண்ணுக்கு இரண்டு பொருள் உண்டு என்று தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டும். இருந்தும் அதில் ஒன்றை மட்டும் எடுத்து, உறுதியான குரலில், நமக்குச் சொல்கிறார்கள். கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான மைக்ரோசாஃப்டின் அஷூர் டெவ்ஆப்ஸில் இதே நிலைமைக்கு டிஎஃப்401019 என்று ஒரு எரர் உண்டு. இந்தப் பெயரில் ரெப்போ இல்லை, அல்லது நீங்கள் செய்ய முயலும் செயலுக்கு உங்களுக்கு அனுமதி இல்லை என்று அது சொல்லும். எதையும் காட்டிக்கொடுக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. நடுவில் ஒரு 'அல்லது' போட்டதால் படிக்கிறவர் இரண்டு பக்கமும் பார்ப்பார்.

இதே மறைப்பு எதிர்த் திசையிலும் வேலை செய்யும், அது இன்னும் குழப்பமானது. பொதுவில் கிடைக்கும் ஒரு ரெப்போவின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அடித்து ஹெச்டிடிபிஎஸ் வழியாகக் குளோன் செய்து (உங்கள் கணினிக்குப் பிரதி எடுத்து) பாருங்கள். அப்படி ஒரு ரெப்போ இல்லை என்று வராது. யூசர்நேம் கேட்கும். சர்வருக்கு நீங்கள் யாரென்று தெரியாது, தெரியாதவரிடம் இல்லை என்றும் சொல்ல முடியாது, இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, ஆகவே முதலில் யார் என்று கேட்கிறது. மனிதர் முன்னால் உட்கார்ந்திருந்தால் சரி, கொஞ்சம் யோசித்து முகவரியைத் திரும்பப் பார்ப்பார். ஆனால் இது தானாக ஓடும் ஒரு சிஐ பைப்லைனுக்குள்ளோ, ஒரு கன்டெய்னர் (புரோகிராம் ஓடும் தனிப் பெட்டி) தயாராகும்போதோ நடந்தால் கேள்வி கேட்கத் திரையே கிடையாது. அப்போது லாக்கில் விழும் வரி, யூசர்நேமைப் படிக்க முடியவில்லை, டெர்மினல் ப்ராம்ப்ட் முடக்கப்பட்டிருக்கிறது என்பதாக இருக்கும். ஓர் எழுத்துப்பிழை இப்படி டெர்மினல் பிரச்சினையாக வேஷம் போட்டு வருகிறது. அந்த வரியைத் தேடுபொறியில் போட்டால் டோக்கனை எப்படி அமைப்பது, பாஸ்வேர்டைச் சேமித்துத் தரும் க்ரெடென்ஷியல் ஹெல்பரை எப்படி மாற்றுவது என்றுதான் பக்கம் பக்கமாக வரும். முகவரியை ஒருமுறை படித்துப் பாருங்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் மெசேஜில் முகவரி பற்றிய சந்தேகமே இல்லை.

ஹெச்டிடிபிஎஸ்ஸில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரே ஹோஸ்டில் ஒருவருக்கு இரண்டு கணக்குகள் இருப்பது இப்போது சாதாரணம், ஒன்று சொந்த வேலைக்கு, ஒன்று அலுவலகத்துக்கு. சேமித்து வைத்த பாஸ்வேர்டையோ டோக்கனையோ தேடும்போது கிட் இயல்பாக ஹோஸ்டின் பெயரை மட்டும்தான் பார்க்கிறது, அதற்குப் பின்னால் வரும் பாதையைப் பார்ப்பதில்லை. பாதையையும் பார்க்கச் சொல்ல தனியாக ஒரு அமைப்பு உண்டு, யூஸ்ஹெச்டிடிபிபாத் என்று, அது ஆரம்பத்தில் அணைந்தே இருக்கும். ஆகவே அலுவலக ரெப்போவைக் கேட்கும்போது உங்கள் சொந்தக் கணக்கின் டோக்கன் சத்தமில்லாமல் எடுத்துக்கொடுக்கப்படும், சர்வர் அதைச் சரியான டோக்கன் என்று ஏற்றுக்கொள்ளும், அப்புறம் அந்தக் கணக்குக்கு அனுமதி இல்லாத ரெப்போ என்பதால் 404 கொடுக்கும். லாகின் வெற்றி, ரெப்போ மட்டும் மாயம். டோக்கன் தவறாக இருந்திருந்தால் லாகின் தோல்வி என்றாவது வந்திருக்கும். சரியான டோக்கன், ஆனால் வேறு ஆளுடையது என்னும்போதுதான் இந்த மெசேஜ்கள் முற்றிலும் கைவிடுகின்றன.

பாஸ்வேர்டுக்குப் பதில் சாவிக் கோப்பை வைத்து இணையும் எஸ்எஸ்ஹெச்சிலும் கதை அதேதான், இயந்திரம் மட்டும் வேறு. சாவிகளை வைத்திருக்கும் ஏஜென்ட்டில் நான்கைந்து சாவிகள் ஏற்றியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். இணையும்போது அவை ஒவ்வொன்றாக சர்வரிடம் நீட்டப்படும். எது முதலில் எந்தக் கணக்குக்காவது பொருந்துகிறதோ அந்தக் கணக்காக நீங்கள் உள்ளே போய்விடுவீர்கள். கிட்ஹப்புக்கு எல்லோருமே 'கிட்' என்ற ஒரே யூசர்நேமில்தான் வருகிறார்கள், யார் என்பதைச் சாவிதான் சொல்கிறது. உங்கள் சரியான சாவி மூன்றாவது இடத்தில் காத்திருக்கும், அதன் முறையே வராது. பிறகு வருவது வழக்கமான ரெப்பாசிட்டரி நாட் ஃபவுண்ட். சாவிகள் இன்னும் அதிகமாக இருந்தால் வேறொன்று நடக்கலாம். ஓபன்எஸ்எஸ்ஹெச் சர்வர் ஒரு இணைப்புக்கு இயல்பாக 6 முயற்சிகள்தான் அனுமதிக்கும், அதைத் தாண்டினால் அளவுக்கு மீறிய அங்கீகாரத் தோல்விகள் என்று சொல்லி வெட்டிவிடும். அதைப் படிக்கிறவருக்கு யாரோ தன் கணக்கைத் தாக்குகிறார்களோ என்று தோன்றும்.

இங்கே ஒரு நல்ல கட்டளை இருக்கிறது, பலருக்குத் தெரியும், ஆனால் கடைசியாகத்தான் நினைவுக்கு வரும்: எஸ்எஸ்ஹெச் மைனஸ் டி போட்டு நேராக கிட்ஹப்பிடமே போய் நிற்பது. 'ஹாய்' என்று சொல்லிவிட்டு நீங்கள் உள்ளே வந்த கணக்கின் பெயரைச் சொல்லும், ஷெல் (கட்டளை அடிக்கும்) வசதி கிடையாது என்று சொல்லி அனுப்பிவிடும். ஒரு ரெப்போவுக்கு மட்டும் கொடுத்த டெப்ளாய் சாவியோடு போனால், ஆள் பெயருக்குப் பதில் அந்த ரெப்போவின் பெயரைச் சொல்லி வரவேற்கும். அந்த ஒற்றை வரியில் முழு உண்மையும் இருக்கிறது. சர்வருக்கு நாம் யாரென்று தெரியும், நம்மிடம் சொல்லவும் தயங்கவில்லை. ரெப்போவைக் கேட்கும்போது மட்டும் அந்தப் பெயர் மெசேஜிலிருந்து காணாமல் போய்விடுகிறது.

கிட் தன் பங்குக்கு இதன் மேல் ஒரு வரியைச் சேர்க்கும். ரிமோட்டிலிருந்து படிக்க முடியவில்லை, உங்களுக்குச் சரியான அனுமதி இருக்கிறதா, ரெப்போ இருக்கிறதா என்று பாருங்கள் என்ற அந்தப் புகழ்பெற்ற முடிவுரை. எஸ்எஸ்ஹெச் எந்தக் காரணத்தால் செத்தாலும் இதே முடிவுரைதான். ஹோஸ்ட் பெயரை டிஎன்எஸ் கண்டுபிடிக்காவிட்டாலும் இதுதான், ஹோஸ்ட் சாவி பொருந்தாவிட்டாலும் இதுதான். உண்மையான காரணம் அதற்கு மேல் ஒரு வரியில் ஏற்கெனவே வந்திருக்கும். டெர்மினலில் இரண்டையும் பார்க்கலாம். பிரச்சினை, கிட்டைச் சுற்றி எழுதப்பட்ட கருவிகள் பல கடைசி வரியை மட்டும் எடுத்துக் காட்டுகின்றன என்பது. கடைசி வரி எப்போதும் பொதுவானது, முதல் வரியில்தான் சங்கதி இருக்கும்.

வொர்க்ஸ்பேஸ்கள் உள்ளே வரும்போது இந்த அடுக்குகள் கூடுகின்றன. உங்கள் மடிக்கணினியில் கிட் ஒரு புரோகிராம், சர்வர் ஒன்று, நடுவில் நெட்வொர்க். ஆனால் உலாவியில் ஓடும் தரவுத் தளமோ நோட்புக் தளமோ ஒரு ரெப்போவோடு இணையும்போது, நீங்கள் பேசுவது முன்பக்கத்தோடு, அது பின்பக்கச் சேவையோடு, அது சேமித்து வைத்த ஒரு கனெக்‌ஷனோடு, அந்தக் கனெக்‌ஷன் யாரோ ஒருவருடைய டோக்கனோடு சோர்ஸ் கன்ட்ரோல் சர்வரின் ஏபிஐயோடு. பதில் அதே வழியில் திரும்பி வரும்போது ஒவ்வொரு அடுக்கும் தனக்குத் தெரிந்த சொல்லில் அதைத் திருப்பி எழுதும்.

நான் வேலை செய்த ஒரு குழுவில் இது நடந்தது, தளத்தின் பெயர் வேண்டாம். மாதக்கணக்கில் சரியாக ஓடிக்கொண்டிருந்த வொர்க்ஸ்பேஸ் ஒருநாள் சிங்க் ஆகவில்லை, பிராஞ்ச் கிடைக்கவில்லை என்றது. பிராஞ்ச் இருந்தது. ஒருவர் புதிதாக ஒரு பிராஞ்ச் போட்டு அதை இணைத்துப் பார்த்தார், அதுவும் கிடைக்கவில்லையாம். பெயரில் இருக்கும் சாய்கோடு காரணமாக இருக்குமோ என்று இன்னொருவர் சாய்கோடு இல்லாமல் ஒன்று போட்டார். கடைசியில் உலாவியின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து நெட்வொர்க் பகுதியில் தோல்வியடைந்த அந்தக் கோரிக்கையின் பதிலைப் படித்தோம். திரையில் வந்த ஒற்றை வரிக்குப் பின்னால் நீளமான ஒரு ஜேசன் (புலம் புலமாக எழுதிய தரவு) இருந்தது, அதன் அடியில், உள்பிழை என்ற புலத்தில், பிராஞ்ச் பட்டியலைக் கேட்டதற்கு சோர்ஸ் கன்ட்ரோல் சர்வர் 404 தந்தது என்று தெளிவாக எழுதியிருந்தது. கனெக்‌ஷனை ஆரம்பத்தில் அமைத்தவர் தன் சொந்த டோக்கனைப் போட்டிருந்தார். அவர் வேறு குழுவுக்குப் போனபோது இந்த ரெப்போவிலிருந்து அவருடைய அனுமதி நீக்கப்பட்டது, முறைப்படி செய்ய வேண்டியதுதான். அன்றிலிருந்து அந்த டோக்கனுக்கு இந்த ரெப்போ இல்லை. பிராஞ்ச் பட்டியலைக் கேட்கும் இடத்தில் 404 வந்தால் பிராஞ்ச் கிடைக்கவில்லை என்று காட்டு என்று தளத்தை எழுதிய யாரோ எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இன்னாருடைய டோக்கனோடு கேட்டேன் என்று அந்தச் சிவப்பு வரியில் இருந்திருந்தால், அவர் பெயரைப் பார்த்த அடுத்த நொடி எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

ஆளுக்குப் பதில் இயந்திரம் டோக்கனை வைத்திருக்கும்போதும் இதேதான். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் தானியங்கி வேலைகளின் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தானாகக் கிடைக்கும் டோக்கன், அந்த ஓட்டம் நடக்கும் ரெப்போவுக்கு மட்டுமானது. ரெப்போவுக்குள் இன்னொரு பிரைவேட் ரெப்போவை சப்மாட்யூலாக வைத்திருந்தால் அது 'நாட் ஃபவுண்ட்' ஆகிவிடும், உங்கள் கணினியில் குளோன் ஆகும், அங்கே ஆகாது. ரெப்போ வாரியாக அனுமதி தரும் ஃபைன்-கிரெய்ண்ட் டோக்கன்களிலும் ஒரு இடைவெளி இருக்கிறது. நிறுவனம் அனுமதி கட்டாயம் என்று வைத்திருந்தால், நிர்வாகி ஒப்புதல் தரும்வரை அந்த டோக்கனால் பொது ரெப்போக்களை மட்டுமே படிக்க முடியும். டோக்கன் உயிரோடு இருக்கிறது, காலாவதி ஆகவில்லை, சரியான பெட்டிகளை டிக் செய்திருக்கிறீர்கள், ஆனாலும் ரெப்போ இல்லை.

யார் என்ற கேள்வி சர்வரில் மட்டும் எழுவதில்லை, உங்கள் சொந்த டிஸ்க்கிலும் எழும். 2022 ஏப்ரலில் வந்த கிட் 2.35.2-இல் ஒரு பாதுகாப்பு மாற்றம் வந்தது. ரெப்போ இருக்கும் ஃபோல்டர் வேறொரு யூசருக்குச் சொந்தமாக இருந்தால் அதற்குள் வேலை செய்ய மாட்டேன் என்று கிட் நின்றுவிடும். நியாயமான மாற்றம், பலர் பயன்படுத்தும் கணினியில் இன்னொருவர் வைத்த கிட் ஃபோல்டரின் அமைப்புகள் உங்கள் பெயரில் ஓடிவிடக் கூடாது. கிட் சொன்ன மெசேஜும் மோசமில்லை, எந்தப் பாதை, ஏன் நம்பவில்லை, விலக்குத் தர என்ன கட்டளை என்று எல்லாம் இருந்தது. ஆனால் கன்டெய்னருக்குள் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள யூசராக) ஓடும் பில்டுகள் வெளியிலிருந்து மவுண்ட் செய்த ஃபோல்டரைப் பார்த்தபோது எல்லாம் ஒரே நேரத்தில் உடைந்தன, உடைந்த விதம் ஒவ்வொரு கருவியிலும் ஒவ்வொன்று. அதற்கு முந்தைய மாதம் வெளியான கோ மொழியின் 1.18 பதிப்பு, பில்ட் செய்யும்போது பைனரிக்குள் (உருவாகும் புரோகிராம் கோப்புக்குள்) ரெப்போவின் நிலையைப் பதிய ஆரம்பித்திருந்தது. அது கிட்டைக் கூப்பிடும், கிட் மறுக்கும், கோ நமக்குச் சொல்வது: விசிஎஸ் (சோர்ஸ் கன்ட்ரோல்) நிலையைப் பெற முடியவில்லை, எக்ஸிட் ஸ்டேட்டஸ் 128. கிட் எந்தப் பெரிய பிழையில் செத்தாலும் 128 என்றுதான் வெளியேறும், ஆகவே அந்த எண் ஒன்றுமே சொல்லவில்லை. கூடவே இந்தப் பதிவை அணைக்க ஒரு ஃபிளாக் இருக்கிறது என்ற யோசனையும் வரும். பலரும் அணைத்துவிட்டு நகர்ந்தார்கள். பைனரி எந்த கமிட்டிலிருந்து வந்தது என்ற தகவல் அவர்களுடைய பில்டுகளிலிருந்து அன்றோடு போய்விட்டது, ஃபோல்டரின் சொந்தக்காரர் யார் என்ற பிரச்சினை அப்படியே இருந்தது.

எனக்கு உண்மையான கவலை இங்கேதான். தவறான மெசேஜ் நேரத்தை மட்டும் வீணாக்கினால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் காரணம் தெரியாமல் கதவைத் தட்டுகிறவர்கள் கடைசியில் கதவையே கழற்றி வைத்துவிடுகிறார்கள். அனுமதி போதவில்லை என்று ஒரு கருவி சொன்னால், டோக்கனுக்கு இருக்கும் எல்லாப் பெட்டிகளையும் டிக் செய்கிறார்கள். உண்மையில் அது வேறு கணக்கின் டோக்கனாக இருக்கும், எத்தனை டிக் போட்டாலும் பயனில்லை, ஆனால் போட்ட டிக்கை யாரும் திரும்ப எடுப்பதில்லை. நிறுவன ப்ராக்ஸி நடுவில் புகுந்து சான்றிதழை மாற்றும்போது கிட் சரியாகவே எச்சரிக்கும், அதை ஒரு வொர்க்ஸ்பேஸ் 'இணைக்க முடியவில்லை' என்று சுருக்கிக் காட்டும், ஒருவர் எங்கோ படித்து எஸ்எஸ்எல் சரிபார்ப்பையே உலகளாவிய அமைப்பில் அணைத்துவிடுவார். ஃபோல்டர் சொந்தக்காரர் பிரச்சினைக்கு நட்சத்திரக் குறி போட்டு எல்லா ஃபோல்டர்களையும் நம்பச் சொல்வது இப்போது கன்டெய்னரை அமைக்கும் எத்தனையோ டாக்கர்ஃபைல்களில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது.

பாதிப்பு குறைவான மூடநம்பிக்கைகளும் உண்டு. புஷ் (மாற்றங்களை சர்வருக்கு அனுப்புவது) பாதியில் அறுந்தால் போஸ்ட்பஃபர் என்ற கிட் அமைப்பை 500 மெகாபைட்டாக உயர்த்து என்பது அதில் ஒன்று. கிட்டின் சொந்த ஆவணமே, பெரும்பாலான புஷ் பிரச்சினைகளுக்கு இது தீர்வல்ல, நினைவகம்தான் அதிகம் செலவாகும் என்று சொல்கிறது. அறுந்ததற்குக் காரணம் நடுவில் இருக்கும் ப்ராக்ஸியின் நேர வரம்பாகவோ கோப்பு அளவு வரம்பாகவோ இருக்கலாம், ஆனால் மெசேஜ் சொல்வதெல்லாம் மறுமுனை எதிர்பாராமல் இணைப்பைத் துண்டித்துவிட்டது என்பதுதான்.

நல்ல மெசேஜ் எழுத முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2021 ஆகஸ்ட் 13-ஆம் தேதி கிட்ஹப் கணக்கின் பாஸ்வேர்டை வைத்து கிட் வேலைகள் செய்வதை நிறுத்தியபோது, பழைய பாஸ்வேர்டோடு வந்தவர்களுக்குக் கிடைத்த வரியில் என்ன நிறுத்தப்பட்டது, எந்தத் தேதியில், பதிலாக எதைப் பயன்படுத்த வேண்டும் என்று மூன்றும் இருந்தன. அந்த வரி வந்த டெர்மினலில் யாரும் முகவரியைத் திருத்திக்கொண்டிருக்கவில்லை. வருத்தம் என்னவென்றால் அதே வரி சில வரைகலைக் கருவிகள் வழியாக வந்தபோது 'அங்கீகாரம் தோல்வி' என்று சுருங்கிவிட்டது, மக்கள் பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தார்கள்.

இணைப்புத் திரைகளை எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். என்ன நடந்தது என்று ஊகித்து எழுதாதீர்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். 'இன்ன முகவரியில் இருக்கும் ரெப்போவின் பிராஞ்ச் பட்டியலை, இன்ன கனெக்‌ஷனில் சேமித்திருக்கும் இன்னாருடைய டோக்கனோடு கேட்டேன், சர்வர் 404 என்றது, ரெப்போ இல்லாமலும் இருக்கலாம், இந்தக் கணக்குக்கு அனுமதி இல்லாமலும் இருக்கலாம்.' நீளம்தான், ஆனால் இதைப் படித்தவர் அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்று கேட்க மாட்டார். கணக்கின் பெயரைக் காட்டுவது ரகசியத்தைக் கசியவிடுவதாகும் என்று ஒரு வாதம் வரும். டோக்கனைக் காட்டச் சொல்லவில்லை, அது யாருடையது என்று மட்டும். அந்தக் கனெக்‌ஷனைப் பயன்படுத்த ஏற்கெனவே உரிமை உள்ளவருக்குத்தான் அது காட்டப்படுகிறது. டோக்கன் யாருடையது என்று சர்வரிடமே கேட்கும் ஏபிஐகள் இருக்கின்றன, ஒரு கூடுதல் அழைப்பு போதும். சர்வர் அனுப்பிய மூல மெசேஜை மடித்து வைத்த ஒரு பெட்டிக்குள்ளாவது அப்படியே வையுங்கள், டெவலப்பர் டூல்ஸைத் திறக்கத் தெரியாதவர்களும் அந்தத் திரையைப் பயன்படுத்துகிறார்கள்.

அதுவரை, மாட்டிக்கொண்டவர்களுக்கு: முகவரியை ஒருமுறை பாருங்கள், சரி என்றால் அதோடு விட்டுவிட்டு ஆளைத் தேடுங்கள். வொர்க்ஸ்பேஸுக்குள்ளேயே டெர்மினல் கிடைத்தால் அங்கிருந்து, ரெப்போவின் பிராஞ்ச் பட்டியலைக் கேட்கும் கிட் எல்எஸ்-ரிமோட் கட்டளையை ஓட்டுங்கள், உங்கள் கணினியிலிருந்து ஓட்டினால் அது வேறு ஆளாகப் போய்க் கேட்கும், அந்தப் பதிலால் பயனில்லை. எஸ்எஸ்ஹெச் என்றால் மைனஸ் வி சேர்த்து எந்தச் சாவி ஏற்கப்பட்டது என்ற வரியைத் தேடுங்கள், சரியான சாவியை மட்டும் நீட்ட கான்ஃபிகில் ஐடென்டிட்டீஸ்ஒன்லி போடலாம். ஹெச்டிடிபிஎஸ் என்றால் க்ரெடென்ஷியல் ஹெல்பர் எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்று ஷோ-ஆரிஜின் போட்டுப் பார்த்துவிட்டு, சர்வரோடு நடக்கும் பேச்சைக் காட்டும் கிட்டின் கர்ல் டிரேஸை இயக்குங்கள். புதிய பதிப்புகளில் டோக்கன் இருக்கும் வரி மறைத்துக் காட்டப்படும், பழைய பதிப்புகளின் வெர்போஸ் வெளியீட்டில் அது அப்படியே கொட்டிவிடும், ஆகவே உதவி கேட்டு அந்த லாகை எங்கேயாவது ஒட்டும் முன் ஆதரைசேஷன் என்று தொடங்கும் வரியை நீக்கிவிடுங்கள்.